இதை எங்கே படித்தாய்?

மார்ச் பிறந்துவிட்டால் பூந்தமல்லி – ஆவடி சாலை ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. இறுதியாண்டு மாணவர்கள் பென் டிரைவும் கையுமாக வரிசையில் காத்திருப்பார்கள். ஸ்பைரல் பைண்டிங் எவ்வளவு, தங்க எழுத்து போட்ட ஹார்டு பைண்டிங் எவ்வளவு, நாளைக் காலைக்குள் கிடைக்குமா என்பவை பழைய கேள்விகள். சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.

“அண்ணா, பர்சன்டேஜ் எவ்ளோ வந்திருக்கு?”

“முப்பத்திரண்டு காட்டுதும்மா.”

“பத்துக்குள்ள வரணும்ணா. இல்லேன்னா எங்க கைடு கையெழுத்தே போட மாட்டாங்க.”

அடுத்த ஒரு மணி நேரம் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ‘வேலை’ நடக்கும். பிற எழுத்துகளோடு ஒப்பிடும் மென்பொருள் திரையில் சிவப்பாகக் காட்டும் வரிகளைத் தேடிப் பிடித்து, ‘இம்பார்ட்டன்ட்’ இருந்த இடத்தில் ‘சிக்னிஃபிகன்ட்’ போடுவார்கள். வாக்கியத்தின் தலையை வாலுக்குக் கொண்டுபோவார்கள். மறுபடி சோதித்தால் 18. இன்னும் கொஞ்சம் மாற்றினால் 9. அப்பாடா என்று பிரின்ட் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்த வரியை முதலில் எழுதியவர் யார், அவர் பெயரை எங்கே போடுவது என்ற பேச்சு அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட வராது.

இந்தப் பிள்ளைகளைத் திருடர்கள் என்று சொல்வது அநியாயம். ஆதாரம் காட்டி எழுதுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு எண்ணைக் கொடுத்து, அதற்குக் கீழே வா என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகர் இன்று கல்லூரிகளின் வட்டாரம். பட்டாபிராமில் இந்துக் கல்லூரி, ஆவடியில் வேல்டெக், நசரத்பேட்டையில் பனிமலர், வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரி, தண்டலம் வரை வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவரின் மகள், திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற பையன் என்று, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் என்ன, அடிக்குறிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை. கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது?

2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. ஆய்வேட்டில் பிற எழுத்துகளோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதுநிலை, ஆய்வு மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய இந்தப் படிநிலையின் முதல் எண் மட்டும் மெல்ல இறங்கி வந்து பி.இ., பி.எஸ்சி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வரை உட்கார்ந்துவிட்டது.

அதே விதித் தொகுப்பில் இன்னும் சில செய்திகள் உண்டு. உரியவர் பெயரைச் சொல்லி மேற்கோளாக எடுத்த பகுதியை ஒப்பீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவற்றையும் சேர்க்கக் கூடாது. சட்டப் பிரிவுகளுக்கும் எல்லோரும் பயன்படுத்தும் சமன்பாடுகளுக்கும் விலக்கு உண்டு. அதாவது, பெயர் சொல்லி எடுத்தால் அந்த மாணவிக்குப் பயமே தேவையில்லை. சிவப்பு வரியைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி போட்டு, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் சேர்த்திருந்தாலே போதும். அதற்குப் பதிலாக அவள் ஒரு மணி நேரம் செலவழித்து, நேர்மையாகக் காட்டியிருக்கக்கூடிய ஒரு மேற்கோளை அடையாளம் தெரியாத இரவலாக மாற்றிக்கொண்டு போகிறாள். சதவீதம் குறைந்தது, தவறு கூடியது.

விதியின் இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது. ஆதாரம் காட்டுவது எப்படி என்று மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நிறுவனமே பயிற்சி தர வேண்டும், பாடத்திட்டத்திலேயே அதைச் சேர்க்க வேண்டும் என்கிறது அது. கற்பித்தலைப் பற்றி அத்தனை சொல்லிவிட்டுத்தான் தண்டனைக்கு வருகிறது. துறை அறிவிப்புப் பலகைகளுக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது தண்டனைப் பகுதிதான். 2019 இறுதியில் ‘ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறம்’ என்ற 30 மணி நேரப் பாடத்தை மானியக் குழு கட்டாயமாக்கியது, இரண்டு கிரெடிட். ஆனால் அது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்களுக்கு. பிளஸ் டூ முடித்து பி.காம். முதலாண்டில் முதல் அசைன்மென்ட் எழுதும் பையன் அந்த வகுப்பை எட்ட இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். எட்டாமலேயே வேலைக்குப் போய்விடுகிறவர்கள்தான் மிகப் பெரும்பாலோர்.

எண்ணைத் துரத்துவது மாணவர்களோடு நிற்பதில்லை. இதே வட்டாரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இருக்கும் சவீதா பல் மருத்துவக் கல்லூரி 2023 ஜூனில் உலகச் செய்தியானது. அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழும் ஆய்விதழ்களில் திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ அமைப்பும் சேர்ந்து ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டன. இளநிலை மாணவர்கள் சுமார் 500 பேர், தாங்கள் செய்த ஆய்வைப் பற்றி நான்கு மணி நேரத் தேர்வில் 1,500 சொல் கட்டுரை எழுதுகிறார்கள். அவை திருத்தப்பட்டு இதழ்களுக்குப் போகின்றன. கல்லூரியிலிருந்து ஓராண்டில் 1,400-க்கும் மேற்பட்ட வெளியீடுகள் வருகின்றன. அந்தக் கட்டுரைகள் இதே கல்லூரியின் பிற கட்டுரைகளைத் திட்டமிட்ட முறையில் மேற்கோள் காட்டுகின்றன. சில இடங்களில் பொருளுக்குத் தொடர்பில்லாமலும் அப்படி நடந்திருக்கிறது என்று அந்தக் கட்டுரை கூறியது. தவறு ஏதும் இல்லை என்று கல்லூரித் தரப்பு மறுத்தது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் 2022-லும் 2023-லும் பல் மருத்துவப் பிரிவில் சவீதாவுக்குத்தான் முதலிடம். அந்தத் தரவரிசை வெளியீடுகளின் எண்ணிக்கையையும், அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இளநிலை மாணவர்களை ஆய்வு செய்யவைப்பதும் எழுதவைப்பதும் நல்ல காரியம். இந்தியாவில் பெரும்பாலான கல்லூரிகள் அதைக்கூடச் செய்வதில்லை. இங்கே கவலை வேறு. இருபது வயதில் ஒரு மாணவர் தன் முதல் கட்டுரையை எழுதும்போது, அதன் அடியில் இருக்கும் பட்டியல் எதற்காக என்று அவர் புரிந்துகொள்கிறார்? வாசகர் போய்ச் சரிபார்ப்பதற்காகவா, ஏதோ ஒரு கணக்கை ஏற்றுவதற்காகவா? முதல் கட்டுரையில் படிந்த பழக்கம் கடைசிக் கட்டுரை வரை வரும். மேற்கோளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கும் எந்த அமைப்பும், அது தரவரிசையானாலும் துறையின் இன்டர்னல் மார்க் ஆனாலும், இரண்டாவது பதிலைத்தான் கற்றுக்கொடுக்கிறது. 2025 தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை வந்திருப்பது இந்தச் சிக்கலை டெல்லியும் உணர்ந்ததன் அடையாளம்.

ஆவடி, திருவள்ளூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை போய்ச் சேரும் திருப்பதியில் இன்னும் மோசமானது நடந்திருக்கிறது. அங்குள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் பிறருடையதைத் திருடியோ பொய்த் தரவுகளை வைத்தோ எழுதப்பட்டவை என்று 2008-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அது அறிந்தே செய்த மோசடி. நம் ஜெராக்ஸ் கடை மாணவியை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. ஆனால் இரண்டுக்கும் ஒரே மென்பொருள், ஒரே சதவீதம், ஒரே பயமுறுத்தல் என்பதுதான் இப்போது நடக்கிறது.

‘புக்குல உள்ளபடி’ எழுதியவர்கள்

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் என்ன நடந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ‘புக்குல உள்ளபடி எழுதினா ஃபுல் மார்க்.’ பாடநூலின் வரியை ஒரு சொல் மாறாமல் எழுதினால் டிக். சொந்தமாக எழுதினால், விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்று அரை மதிப்பெண் போகும். நோட்ஸில் உள்ளதை மனப்பாடம் செய்வது, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ரெக்கார்டு எழுதுவது எல்லாம் படிப்பின் பகுதியாகவே இருந்தன. இதைப் பத்தாம் வகுப்பில் பாராட்டிய அதே அமைப்பு, பதினெட்டு வயதில் திடீரென்று திருட்டு என்கிறது. இடையில் விதிகள் மாறிவிட்டன என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னது யார்?

தமிழ்த் தாளில் மட்டும் ஒரு சின்ன வாசல் திறந்தே இருந்தது. கட்டுரையில் குறளையோ பாரதி பாட்டையோ மேற்கோள் காட்டினால், அது யாருடையது என்று எழுத வேண்டும். எழுதினால் ஆசிரியர் அடிக்கோடிட்டு மதிப்பெண் போடுவார். ஆதாரம் சொல்லும் பழக்கத்தின் விதை அது. அறிவியல், வரலாறு, வணிகவியல் தாள்களுக்கு அந்த விதை போகவே இல்லை.

இன்னொரு பாதி விடை ஆங்கிலம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த மாணவி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தன் ஆங்கிலத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அச்சில் உள்ள வாக்கியம் அழகாக, பிழையில்லாமல் இருக்கிறது. அதை எடுத்துப் போடுவது அடுத்தவர் அறிவைத் திருடுவதாக அவளுக்குத் தோன்றுவதில்லை. பிழை செய்யாமல் தப்பிக்கும் வழியாகத்தான் தோன்றுகிறது. நாட்டின் உச்சத்திலேயே இது நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து, விஞ்ஞானி சி.என்.ஆர். ராவும் இணை ஆசிரியராக இருந்த ஒரு கட்டுரை 2011-ல் ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ இதழில் வந்தது. வேறொரு கட்டுரையின் சில வரிகள் அதில் அப்படியே இருந்தன. அந்தப் பகுதியை எழுதியவர் ஓர் ஆய்வு மாணவர். ஆசிரியர்கள் இதழிடம் மன்னிப்புக் கேட்டார்கள்; 2012 தொடக்கத்தில் நாடெங்கும் அது விவாதமானது. சோதனை அவர்களுடையது, முடிவுகளும் அவர்களுடையவை. இரவல் வந்தது சில வாக்கியங்கள்தான். அந்தச் சில வாக்கியங்களுக்கு இருந்த விலையை அந்த மாணவருக்கு யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆதாரம் காட்டுவது மேல்நாட்டுச் சடங்கு, நமக்கு ஒட்டாதது என்று சில பேராசிரியர்களே பேசுவதுண்டு. தமிழ் மரபு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதினால் அந்த நூல் எந்த வழியில் வந்தது என்று சொல்ல வேண்டும் என்பது நன்னூலின் விதி. முதல் நூல் எது, அதைப் பின்பற்றிய வழி நூல் எது என்று பிரித்துப் பார்ப்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், இசைக்கும் நாடகத்துக்கும் தான் துணையாகக் கொண்ட ஐந்து நூல்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார்: இசை நுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல். இன்றைய ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் இதைவிட வேறென்ன இருக்கிறது?

அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய சொத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது என்பதை ஒவ்வொரு தமிழ் வகுப்பிலும் சொல்ல வேண்டும். வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூல்களாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த பாடல்கள், உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்ததாலும் புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் சேர்ந்ததாலும் பிழைத்தவை. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். சுவடி அழிந்துபோன நூல்களை, பிறர் பெயர் சொல்லி எடுத்தாண்ட வரிகளை வைத்தே அதில் அடையாளம் காட்டினார்.

பெயர் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, அதன் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தன் உரையில் அடுக்கடுக்காக மேற்கோள் காட்டுவதைப் பார்த்தார். பல இடங்களில் நூலின் பெயர் இல்லை; ‘என்றார் பிறரும்’ என்று முடிந்துவிடும். அந்தப் பிறர் யார்? எந்த நூல்? அச்சில் இல்லாத சங்க நூல்களின் ஏடுகளைத் தேடி, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு இடம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பை ‘என் சரித்திரத்தில்’ அவரே விரிவாக எழுதியிருக்கிறார். சிந்தாமணி 1887-லும் புறநானூறு 1894-லும் வெளிவந்தன. எந்தெந்த ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டோம், அவை யாரிடமிருந்து எந்த ஊரிலிருந்து கிடைத்தன என்று தன் பதிப்புகளில் அவர் பதிவு செய்தார். ஊர் ஊராக அலைந்து பெற்ற ஏட்டுக்கு, கொடுத்தவர் பெயரைச் சொல்லாமல் விடக் கூடாது என்ற நன்றியுணர்ச்சி அதில் இருக்கிறது. பின்னால் வருகிறவர் போய்ச் சரிபார்க்கட்டும் என்ற துணிச்சலும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோது, சொல்லின் பொருளைச் சொல்லி அது எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்றும் காட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கான வேலை அது.

ஆவடியை வைத்து ஒரு பாடம்

இதை வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது? ஏபிஏ, எம்எல்ஏ, ஐஇஇஇ, வான்கூவர் என்று பாணிகளின் பெயர்களை பவர்பாயின்ட்டில் ஓட்டினால் மாணவர்கள் தூங்கிவிடுவார்கள். காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதை ஸோட்டிரோ போன்ற இலவச மென்பொருளே பார்த்துக்கொள்ளும். மென்பொருள் செய்ய முடியாததைத்தான் ஆசிரியர் செய்ய வேண்டும்.

ஆவடிக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ‘ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது?’ என்று கேட்டால் பாதிப் பேர் கை தூக்குவார்கள்: ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யுனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா என்பதன் முதலெழுத்துகள். வாட்ஸ்அப்பில் வந்தது, யூடியூபில் பார்த்தது, கோச்சிங் சென்டரில் சொன்னது. இங்கேதான் ஆசிரியர் கேட்க வேண்டும்: இதை முதலில் எழுதியவர் யார்? எந்த அரசாணையில், எந்த ராணுவ ஆவணத்தில் இருக்கிறது? ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு முதல் ரயில் ஓடியது 1856-ல். அந்தப் பாதை ஆவடி வழியாகப் போகிறது. ராணுவக் கிடங்கும் டாங்கித் தொழிற்சாலையும் வருவதற்கு முந்தைய ரயில் கால அட்டவணையிலும் பழைய மாவட்ட வரைபடத்திலும் இந்த ஊர்ப்பெயர் இருக்கிறதா? இருந்தால் அந்த விளக்கம் என்ன ஆகிறது?

விடை தேடி அவர்கள் எழும்பூருக்குப் போகட்டும். மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் இறங்கினால் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பக்கம்தான். ஒரு பழைய வரைபடத்தைக் கண்ணால் பார்த்து, அதன் ஆண்டையும் எண்ணையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டு வருகிற மாணவருக்கு, அடிக்குறிப்பு எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை ‘தெற்காசியாவிலேயே பெரியது’ என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அதற்கும் இதே வைத்தியத்தைச் செய்யலாம். யார் அளந்தார்கள், எந்த ஆண்டில், எதோடு ஒப்பிட்டு?

அடுத்த பாடம், சொந்தச் சொல்லில் எழுதுவது. இதைத்தான் மாணவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ‘1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயத்தை லட்சியமாக அறிவித்தது’ என்று ஒரு புத்தகத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஜெராக்ஸ் கடை முறைப்படி இது, ‘1955-ஆம் ஆண்டின் முதல் மாதம் ஆவடியில் நடைபெற்ற காங்கிரஸ் கூட்டம், சமதர்மப் பாங்கான சமூகத்தைக் குறிக்கோளாகப் பிரகடனம் செய்தது’ என்று மாறும். மென்பொருள் பச்சைக் கொடி காட்டும். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. புத்தகத்தின் பெயர் இல்லை. எழுதியவருக்கு மாநாட்டைப் பற்றி ஒன்றும் கூடுதலாகத் தெரியவில்லை.

சரியான முறை இதைவிட எளிது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே கேள்விகள் வந்துவிடும். அது ஒரு தீர்மானமா, பேச்சா? தீர்மானத்தின் வாசகம் எங்கே கிடைக்கும்? அப்போது திறந்து பார்த்தால் ஆதாரங்கள் மூன்று அடுக்காகப் பிரியும்: கட்சியே வெளியிட்ட தீர்மானம், அந்த வாரத்து நாளிதழ்ச் செய்தி, பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் எழுதியது. மூன்றின் எடையும் ஒன்றல்ல. எதை எதற்கு நம்பலாம் என்று யோசிப்பதுதான் ஆய்வு. அதை யோசித்து முடித்தபின் எழுதும் வாக்கியம் தானாகவே சொந்த வாக்கியமாக இருக்கும். அதன் அடியில் புத்தகத்தின் பெயரும் பக்கமும் வரும். கருத்து இன்னொருவருடையது என்றால், சொல் முழுதும் நம்முடையதாக இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மேல்நாட்டு முறை குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கிறது. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான். வேளாண் விஞ்ஞானி மான்கொம்பு சாம்பசிவன் சுவாமிநாதனின் பெயரில் மான்கொம்பு ஊர், சாம்பசிவன் அப்பா. பட்டியலில் ‘சுவாமிநாதன், எம்.எஸ்.’ என்று வருவதுதான் சரி. ஆனால் இதழின் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் அப்பா பெயரை நிரப்பிவிடுகிற மாணவிகள் எத்தனையோ பேர். அதன் பிறகு உலகம் முழுவதும் அவளுடைய ஆய்வு அவள் அப்பாவின் பெயரில் மேற்கோள் காட்டப்படும். முதல் கட்டுரை அனுப்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லித் தர ஒருவர் இருந்தால் போதும். 2012-ல் வந்த, ஆய்வாளர்களுக்கான ஆர்க்கிட் அடையாள எண்ணைப் பெறவைப்பதும் அதே பத்து நிமிடத்தில் முடியும்.

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கோ மென்பொருள் இன்னும் சரியான காவல்காரன் இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆய்வேடுகளும், ஸ்கேன் செய்து படமாக ஏற்றியவையும் இணையக் களஞ்சியங்களில் நிறைய. அவற்றின் வரிகளை இயந்திரத்தால் சரியாகப் படிக்க முடியாது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்தான். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிப் போட்டால் அதுவும் பிடிபடாது. ‘மேலது, ப. 45’ என்ற வரிக்குப் பின்னால் உண்மையிலேயே நாற்பத்தைந்தாம் பக்கத்தைப் புரட்டிய ஒருவர் இருக்கிறாரா என்பதை வழிகாட்டிதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது. கேட்டால் உடனே பத்து ஆதாரங்களைக் கொடுக்கும்: ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அவற்றில் சில உலகத்திலேயே இல்லாதவையாகவும் இருக்கலாம். நியூயார்க்கில் இப்படி ஆறு பொய் வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஓர் உத்தரவே இல்லாத தீர்ப்புகளை முன்னுதாரணமாகக் காட்டியது. அதில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் இருந்தது. தவறு தெரிந்ததும் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். நீதிபதிகள் உட்காரும் இடத்திலேயே நுழைந்துவிட்ட ஒன்று, திருமுல்லைவாயில் ஹாஸ்டல் அறையில் இரவு இரண்டு மணிக்கு அசைன்மென்ட் எழுதும் பையனை விட்டுவைக்குமா?

இயந்திரம் வருவதற்கு முன்பும் மனிதர்கள் யோக்கியமாக இருந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகைல் சிம்கினும் வ்வானி ராய்சவுத்ரியும் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் பக்க எண்ணை ஒருவர் தப்பாக அச்சிட்டால், அதே தப்பு எத்தனை பேருடைய பட்டியலில் அப்படியே திரும்ப வருகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். மூலத்தைத் திறந்தவர் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். இன்னொருவர் பட்டியலைப் பார்த்து நகல் எடுத்தவர்தான் செய்வார். அவர்கள் கணக்குப்படி, மேற்கோள் காட்டியவர்களில் மூலத்தைப் படித்தவர்கள் சுமார் 20 சதவீதம்தான்.

அதனால்தான் வைவா அறையில் ஒரு சிறிய மாற்றம் வேண்டும். வெளித்தேர்வாளர் சதவீதத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பட்டியலில் ஏதாவது ஓர் எண்ணில் விரலை வைத்து, “இதில் உங்களுக்குப் பயன்பட்டது எந்தப் பக்கம்மா? அதில் என்ன சொல்லியிருக்கிறார்?” என்று கேட்கலாம். இதற்குப் புதிய மென்பொருளோ நிதியோ வேண்டாம். இறுதியாண்டு வரை காத்திருக்காமல் முதல் செமஸ்டர் செமினாரிலேயே இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால், நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியல்கள் எட்டாகச் சுருங்கும். அந்த எட்டையும் மாணவி படித்திருப்பாள்.